சிவப்பு மையில் ஒரே ஒரு தாள்

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வார்டுக்குள் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பத்து நிமிஷம் நிற்பார்கள், கட்டில் ஓரத்தில் போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நமக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதனால் அந்தப் பெண் ஒரு பழுப்பு கவரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தபோது நான் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டில் இருபத்து நான்கு கட்டில். வார்டு இன்சார்ஜ் அக்காவையும் சேர்த்து நர்ஸுகள் பன்னிரண்டு பேர்.

வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி. ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கி, இந்தப் பக்கத்து மருத்துவமனைகளை எல்லாம் சுற்றி வருகிறாளாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் மன அழுத்தம், சோர்வு, தூக்கமின்மை, இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பிஎச்.டி.க்காக. ஆளுக்கு நான்கு பக்கத் தாள். பெயர் எழுத வேண்டாம், வார்டு மட்டும் எழுதினால் போதும், கேள்விக்குப் பதிலாக டிக் போட்டால் போதும் என்றாள்.

"மன அழுத்தமா? அதுக்கெல்லாம் எங்கம்மா எங்களுக்கு நேரம்?" என்று சொல்லிவிட்டு இன்சார்ஜ் அக்கா கவரை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள். "மூணு நாள் கழிச்சு வாங்க."

அவள் படி இறங்குவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. நர்ஸுகளுக்கெல்லாம் மேலே இருக்கிற மேட்ரனுக்குச் சொந்தக்காரி என்றாள் ஒருத்தி. இல்லை, மதுரையிலிருந்து பெரிய கம்பெனி ஒன்று நம் ஆஸ்பத்திரியை வாங்கப்போகிறது, எவள் தாங்குவாள், எவள் தாங்க மாட்டாள் என்று முன்கூட்டியே கணக்கெடுக்கிறார்கள் என்றாள் இன்னொருத்தி. நான் எதையும் மறுக்கவில்லை. அந்தப் பெண்ணை நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஐ.சி.யூ.வில் ஒரு சிஸ்டர் இருந்தாள். நல்ல வேலைக்காரி. குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றுவாள். ஒருநாள் மேட்ரனிடம் போய், "தூக்கமே வர மாட்டேங்குது மேடம், கை நடுங்குது, ஒரு மாசம் பகல் டூட்டி குடுங்க" என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். அடுத்த வாரமே அவளை ஐ.சி.யூ.விலிருந்து எடுத்து ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதத்தில், உடம்பு தேறும் வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். உடம்பு தேறியது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. லிஃப்ட் ஓட்டுகிறவர் முதற்கொண்டு இன்றைக்கும் அவளை "அந்த மென்டல் சிஸ்டர்" என்றுதான் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் தாளைக் கொடுத்து மனதைத் திறந்து எழுது என்றால் எவள் எழுதுவாள்?

நான் எழுதினேன். அதுதான் வினை.

அந்த வாரம் எனக்கு நைட் டூட்டி. மூன்றாவது நாள். இருபத்து நான்கு கட்டிலுக்கு நான் ஒருத்தி, துணைக்கு ஒரு ஆயா. விடிகிற நேரத்தில் ரத்த சாம்பிள் எடுக்கப் போகும் முன் இழுப்பறையைத் திறந்தேன், மேலே அந்த வெற்றுத் தாள் கிடந்தது. எடுத்தேன். தூக்கம் எப்படி, வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறதா, நோயாளி மேல் எரிச்சல் வருகிறதா. எனக்குக் கோபம் வந்தது. வருது, வருது, வருது என்று டிக் போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்" என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். அங்கேதான் புத்தி கெட்டுப்போய் உள்ளதை எழுதினேன்.

முந்தின மாதம் பதினான்காம் கட்டிலுக்கு ஆன்டிபயாடிக் மருந்தைக் கரைக்க வேண்டும். அதற்கான வெறும் தண்ணீர் ஆம்பூலும் பொட்டாசியம் ஆம்பூலும் எங்கள் வார்டில் ஒரே தட்டில்தான் கிடக்கும். இரண்டும் ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் கை பொட்டாசியத்தை உடைத்து சிரிஞ்சில் இழுத்துவிட்டது. மருந்துக் குப்பியில் குத்தப் போகும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். கொட்டிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அது உடம்புக்குள் போயிருந்தால் அந்த ஆளின் இதயம் நின்றிருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. முன்பின் தெரியாத ஒருத்தி கொடுத்த தாளில் எழுதிவிட்டு, கவரில் போட்டுவிட்டு, சாம்பிள் எடுக்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, துவைக்கப் போடுவதற்காக யூனிஃபார்ம் பையிலிருந்த பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலில் நோட்டு எழுதினால் நீல மை. இரவில் எழுதினால் சிவப்பு மை. காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேஸ் ஷீட்டைத் திறந்ததும் எது இரவில் நடந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். படிக்கிற காலத்திலிருந்து கையில் ஊறிய பழக்கம். நைட் டூட்டிக்குப் போகும்போது என் பையில் சிவப்புப் பேனா மட்டும்தான் இருக்கும். அந்த நான்கு பக்கத்தையும் சிவப்பில் எழுதியிருக்கிறேன். டூட்டி சார்ட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் அது யார் எழுதியது என்று.

இன்சார்ஜ் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த ஆராய்ச்சிக்காரி கவர் கெடக்கா?"

"எட்டு மணிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாளே. ஏன்?"

"சும்மாதான். எல்லாரும் எழுதிட்டாகளா?"

"எல்லாம் ஃபுல். நம்ம வார்டுல என்னைக்காவது காலம் காலியாக் கெடந்திருக்கா?" என்று சிரித்தாள்.

ஆராய்ச்சிக்காரியின் போன் நம்பர் தாளோடு கொடுத்த சீட்டில் இருந்தது. நான் பேசவில்லை. போனில் பேசினால் பதிவு பண்ணிவைத்துக்கொள்வாள். சீட்டில் விலாசமும் இருந்தது. தூங்காமல், சாப்பிடாமல் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே பால் சுண்டக் காய்ச்சுகிற அடுப்பு, மேலே அவள் அறை. மாடிப்படியெல்லாம் பால்கோவா வாசம். கதவைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, என் முகத்தை இவள் ஏன் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்?

"நீங்க யாரு? மேட்ரனுக்குச் சொந்தமா?" என்றேன். உட்காரவில்லை.

"இல்லங்க. நானும் நர்ஸுதான். ரெண்டு வருஷம் வார்டுல வேலை பாத்துட்டுத்தான் படிக்க வந்தேன்."

"ஐந்நூறு மில்லி குளுக்கோஸ் பாட்டில், எட்டு மணி நேரத்துல ஓடணும். நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த டிரிப் செட்டுன்னு சொல்லாம எப்படிங்க சொல்றது? ஒரு மில்லிக்குப் பதினஞ்சு சொட்டா, இருபதா?"

நர்ஸ்தான். உட்கார்ந்தேன்.

தரையில் எங்கள் ஆஸ்பத்திரித் தாள்களை வார்டு வாரியாக அடுக்கிவைத்திருந்தாள். எங்கள் வார்டு அடுக்கில் என் தாள் மட்டும் தனியாகத் தெரிந்தது, வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டது மாதிரி.

"அந்தச் சிவப்பு என்னோடது. எனக்குத் திருப்பி வேணும்."

மறுப்பாள், சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன். அவள் குனிந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். "எப்ப வேணா திருப்பி வாங்கிக்கலாம். அது உங்க உரிமை."

இவ்வளவு சுலபமாகக் கொடுத்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். "போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?"

அவள் போனைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். நான் கூச்சப்படவில்லை, பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதிய பலகை, ஒரு பூனை, ஒரு தட்டு இட்லி, மறுபடியும் அதே பூனை. தாள் எதுவும் இல்லை.

"சரி. ஆஸ்பத்திரி நடத்துற எங்க பெரிய டாக்டருக்கு நீங்க என்ன குடுக்கப் போறீங்க?"

அவள் தாள் அடுக்குகளைத் தட்டிச் சரிசெய்தாள். ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சொன்னாள். அனுமதி கொடுக்கும்போதே கடிதத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள், முடிவை வார்டு வாரியாக ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும் என்று. அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

"பேர் வேண்டாம் பேர் வேண்டாம்னு சொல்லிட்டு வார்டைக் குடுத்தா? ஒரு வார்டுக்குப் பன்னெண்டு பேர். நைட்டுக்கு ஒருத்தி. கண்டுபிடிக்க போலீஸா வரணும்? நீங்க நர்ஸுதானே, உங்களுக்கு இது தெரியாதா?"

"தப்புதான்," என்றாள். முகம் சிவந்துவிட்டது. "ஆனா நீங்க இதையும் பாருங்க." மற்ற பதினொரு தாளையும் என் முன்னால் விரித்துப் போட்டாள்.

எல்லாம் நீல மை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி டிக், வால் நீண்ட டிக். அந்த டிக்கை நான் தினமும் மருந்து சார்ட்டில் பார்க்கிறேன். இன்சார்ஜ் அக்காவுடையது. வேலை முடித்துப் போனவள் நிரப்பாமல் விட்ட கட்டத்தை அடுத்து வந்தவள் நிரப்புவது எங்களுக்குப் புதிதில்லை. காய்ச்சல் சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேட்ரன் கத்துவாள், அதனால் முந்தின அளவைப் பார்த்து ஒன்றைப் போட்டுவிடுவோம். அக்கா அதையேதான் இதிலும் செய்திருக்கிறாள். தூக்கம் நன்றாக வருகிறது. எரிச்சல் இல்லை. களைப்பு ஒருபோதும் இல்லை. பன்னிரண்டு பேர் கணக்குக்குத் தாள் சரியாக இருந்தது, பிரசவ விடுப்பில் போய் இரண்டு மாதமான சிஸ்டருக்கும் சேர்த்து. அவளுக்கும் வேலையில் களைப்பு இல்லையாம்.

"இதை வச்சு நான் என்ன எழுதட்டும்?" என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்க தாளையும் எடுத்துட்டீங்கன்னா, அந்த வார்டுல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னுதான் போகும். உங்க பெரிய டாக்டர் அதைப் பாத்து என்ன செய்வார்னு உங்களுக்குத்தான் தெரியும்."

தெரியும். எங்கள் வார்டையும் பக்கத்து வார்டையும் சேர்த்து இரவில் ஒரே நர்ஸை விடலாம் என்று இரண்டு மாதமாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு கட்டிலுக்கு ஒருத்தி. இந்தப் பதினொரு தாள் போதும், தாராளமாகச் செய்வார்கள். தாளை விட்டால் என் வேலை போகும். எடுத்தால் எனக்கோ வேறொருத்திக்கோ அடுத்த பொட்டாசியம் கையில் வரும், அன்றைக்கு லேபிள் கண்ணில் படாமல் போகலாம்.

"வெத்துத் தாள் பத்து குடுங்க," என்றேன். "நான் எழுதி வாங்கிட்டு வாரேன். ஆனா வார்டு வாரியாக் குடுக்க மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும், அவங்களுக்கு."

"அனுமதியைப் பறிச்சாலும் பறிச்சுடுவாங்க. ஒரு வருஷ வேலை."

"அது உங்க பாடு."

அவள் வெற்றுத் தாள் கட்டை இழுத்துப் பிரித்தாள். பிறகு தாளை எண்ணிக் கொடுத்தாள்.

அதற்கு மேல்தான் கூத்து. ஊரையே சந்தேகப்பட்ட என்னை இப்போது எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். உடை மாற்றும் அறையில் முதலில் எனக்கு நெருக்கமானவளிடம் போனேன். என்னைவிட ஆறு வயது சின்னவள். சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே தூக்க மாத்திரை வைத்திருப்பாள், அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தாளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"மறுபடியுமா? அதான் இன்சார்ஜ் அக்கா எழுதிட்டாகளே."

"அது அவுக எழுதுனது. நீ எழுது."

"என்னக்கா, மேட்ரன் அனுப்பிவிட்டாளா உன்னய? அடுத்த இன்சார்ஜ் நீயின்னு பேசிக்கிறாக."

"ஏட்டி, எம்புட்டு நாளா என்னயத் தெரியும் உனக்கு?"

"தெரியும்க்கா. அதான் கேக்கேன். ஒருநாளும் இல்லாம நீ ஏன் ஆராய்ச்சிக்காரிக்குத் தாள் சுமக்க?"

நான் அவள் இடத்தில் இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். எந்த வார்த்தை சொன்னாலும் நம்பப்போவதில்லை. கைப்பையைத் திறந்து என் சிவப்புத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கொடுத்த நிமிஷமே பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது. அவள் நினைத்தால் அதை அப்படியே மாடிக்குக் கொண்டுபோய் மேட்ரன் மேசையில் வைக்கலாம்.

நின்றபடியே வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"பதினாலாம் பெட்டு. அந்தப் பால்காரத் தாத்தாவாக்கா?"

"ஆமா."

"டிஸ்சார்ஜ் ஆயிப் போகையில எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டுப் போனாரே. உனக்குத் தனியா ஒரு கும்பிடு."

"ஆமா."

அவள் என் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "பேனா வச்சிருக்கியா? நீலம்," என்றாள். அவள் எழுதும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். எழுதி முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "நீ வாசிக்கக் கூடாது," என்றாள். வாசிக்கவில்லை.

இப்படியே ஒவ்வொருத்தியிடமும் என் தாளைக் காட்டித்தான் அவள் தாளை வாங்க வேண்டியிருந்தது. ஒருத்தி வாசித்துவிட்டு, "எனக்குப் பிள்ளை குட்டி இருக்குக்கா" என்று எழுதாமலே போய்விட்டாள். எனக்கும் இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள், கடைசி வரை தரவில்லை. ஆறு தாள் சேர்ந்தது. ஆக, ஒளித்துவைக்க வேண்டிய விஷயத்தை ஒன்பது பேரிடம் நானே காட்டியிருந்தேன்.

நான்காவது நாள் இன்சார்ஜ் அக்கா என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நான் எழுதுனது உனக்குப் பத்தலையோ?"

"பிரசவத்துக்குப் போனவளுக்கும் எழுதியிருக்கீகளேக்கா."

"எழுதுனேன். எல்லாரும் உன்னய மாதிரி எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஐ.சி.யூ. பிள்ளைய மறந்துட்டியா? நான் டிக் போட்டது உங்க அம்புட்டுப் பேரு வேலையையும் காப்பாத்த. பெரிய மனுசி மாதிரி வந்துட்டா."

அவள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. "காப்பாத்தி நாப்பத்தெட்டு பெட்டுக்கு ஒருத்தியா நிக்கப் போறோம். அதுக்கும் நீங்கதான் டிக் போடணும்," என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீ என்னத்த எழுதுன?"

அவளிடம் மட்டும் காட்டவில்லை. அவள் மேட்ரனோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவள். "களைப்பா இருக்குன்னு எழுதுனேன்," என்றேன். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. போ என்று கையைக் காட்டினாள். அவள் மேட்ரனிடம் எதையாவது சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேட்ரன் என்னை வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறாள் என்று தோன்றும். தோன்றுவதுதானா என்றும் தெரியாது.

வார விடுமுறையில் ஆறு தாளோடு மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்தப் பெண் முதலில் ஒரு கடிதத்தின் நகலைக் காட்டினாள். வார்டு வாரியாகக் கொடுக்க இயலாது, பல மருத்துவமனைகளின் தாள்களை ஒன்றாகச் சேர்த்து மட்டுமே முடிவைத் தருவேன் என்று எங்கள் பெரிய டாக்டருக்கு எழுதியிருந்தாள். பதில் வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். இனிமேல் எங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டாம் என்று போனில் மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

"மத்த ஊர் ஆஸ்பத்திரிங்க இருக்கு. பாத்துக்கலாம்," என்றாள். அதைச் சொல்லும்போது குரல் அவ்வளவு தைரியமாக இல்லை.

பழைய பதினொன்றின் மேலும் "செல்லாது" என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். ஆறு புதுத் தாளிலும் வார்டு என்ற வரியைக் கறுப்பு மையால் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக, என் கண் முன்னால். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கொடுத்தேன். கடைசியாக என்னுடையதைக் கொடுத்தேன். பதினாலு என்ற எண்ணையும் அடித்தோம்.

"இந்தத் தாளெல்லாம் பொறவு என்ன ஆகும்?"

"அஞ்சு வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். அது விதி. மூலையில இருக்கிற அந்த பீரோவுல பூட்டி வைப்பேன்."

"சாவி?"

"என்கிட்டதான்."

"நீங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போனா? உங்களுக்கு மேல இருக்கிற வாத்தியார் கேட்டா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய் சாவி வளையத்தை எடுத்து, நகத்தால் நெம்பி ஒரு சாவியைக் கழற்றினாள். "ரெண்டு சாவி இருக்கு. ஒன்னை நீங்க வச்சுக்கோங்க. நான் ஊரை விட்டுப் போனா பீரோ எங்க போகுதுன்னு உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போவேன்."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தேன், சரியாகத்தான் பூட்டியது. சாவியைத் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டிக் கோத்துக்கொண்டேன்.

எங்கள் வார்டில் இரவுக்கு இன்னும் ஒருத்திதான். ஆனால் பக்கத்து வார்டைச் சேர்க்கவில்லை. அந்தப் பேச்சு ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் மாதத்துக்கு ஒருமுறை போன் பண்ணி எப்படி இருக்கீங்க என்று கேட்கிறாள். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அந்த மாதிரி பீரோவுக்குக் கடைக்காரன் எத்தனை சாவி கொடுப்பான் என்று ராஜபாளையத்தில் ஒரு பீரோக் கடையில் போய்க் கேட்டேன். இரண்டு என்றான். அடுத்த கடையிலும் கேட்க வேண்டும்.